ஊமையன் வாய் திறந்தானா?

ஏணியின் மேல்படியில் அருள் நிற்கிறான். இடது கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை, அதில் வெள்ளைப் பெயிண்ட். வலது கையில் மெல்லிய பிரஷ். அவன் முகத்துக்கு நேராகத் தகரப் பலகையில் இன்னொரு முகம், அவனே வரைந்தது. அந்த முகத்தின் வாயைத் திறந்து, உள்ளே நாலு பல் வைக்க வேண்டும். ஐந்து நிமிஷ வேலைகூட இல்லை.

பிரஷ் பலகையைத் தொடவே இல்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாயைத் திறக்க வைத்த புண்ணியவான் நான்தான்.

போன வாரம் கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் வாங்கிய கோப்பைகளைப் பற்றி இந்தப் பக்கத்தில் கொஞ்சம் பீற்றிக்கொண்டிருந்தேன். படித்துவிட்டு என் மனைவி கேட்டாள், "ஜெயிச்சதையெல்லாம் வரிசையா எழுதுறீகளே, ஜெயிச்சிருக்கக் கூடாத ஒண்ணு இருக்குல்ல, அத எப்ப எழுதப் போறீக?" கேட்டது நியாயம்தான். எழுதித் தொலைக்கிறேன்.

மதுரையிலிருந்து வந்த பீரோ

தொண்ணூறுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். நாகல் நகரில் மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் சேவியர் அண்ணன் வீட்டின் முன்னறையே கடை. முதலில் வீடியோ கேசட் வாடகைக்கு விட்டார். அது சரிப்பட்டு வராமல், மதுரையில் யாரோ கழித்துக் கட்டிய வீடியோ கேம் மெஷின் ஒன்றைச் சாக்குப் போட்டுச் சுற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.

பீரோ உயரம். நடுவில் கண்ணாடித் திரை, கீழே இரண்டு குச்சி, பன்னிரண்டு பித்தான். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று திரைக்குள் அடித்துக்கொள்ளலாம். சேவியர் அண்ணனின் மனைவி ஜெசிந்தா அக்கா அதன் தலையில் ஒரு சிலுவை ஸ்டிக்கர் ஒட்டினார். வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில்லில் வேலை பார்த்த முருகேசன் அண்ணன் பக்கவாட்டில் மூன்று விரலால் சந்தனம் இழுத்தார். இரண்டு பக்கத்துப் பாதுகாப்பும் இருந்ததாலோ என்னவோ, அந்த மெஷின் பல வருஷம் ஓடியது.

ஒரே குறை, திரையில் வரும் எழுத்து. அது தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. மைக்கூட்டில் விழுந்த எறும்பு தாளில் நடந்த மாதிரி இருக்கும். ஜப்பான் எழுத்து என்றார்கள். சண்டை போடும் எட்டுப் பேருக்கும் பெயர் என்ன, ஊர் எது, எதற்காக அடித்துக்கொள்கிறார்கள், ஒன்றும் எங்களுக்குத் தெரியாது.

தெரியாவிட்டால் என்ன, நாங்களே வைத்துக்கொண்டோம். குண்டாகக் கையை விசிறி அடிப்பவன் புரோட்டா மாஸ்டர். வாயிலிருந்து தீ விடுபவன் கொள்ளிக்கட்டை. நீளச் சடைக்காரி டீச்சரம்மா. ஒவ்வொருவருக்கும் ஒரு கதை இருந்தது. கொள்ளிக்கட்டைதான் வில்லன், ஊர் ஊராக வீட்டைக் கொளுத்துகிறவன். அதில் மாற்றுக் கருத்துக்கே இடமில்லை. எவனாவது புதிதாக வந்து கொள்ளிக்கட்டை நல்லவன் என்று சொன்னால், "ஏலே, நேத்து வந்தவன் நீ, போவியா" என்று விரட்டிவிடுவோம்.

எட்டாவது ஆள் ஒல்லி. கறுப்பு உடுப்பு, கழுத்தில் சாம்பல் நிறத் துண்டு. மற்ற ஏழு பேரும் அடிக்கும்போது "ஏய்!" "ஹா!" என்று கத்துவார்கள், அடி வாங்கினால் அலறுவார்கள். இவன் மட்டும் மூச்சு விட மாட்டான். அதனால் அவன் ஊமையன்.

முதல் மரியாதை

இன்று அந்தச் சொல்லை எழுதக் கை கூசுகிறது. அன்று யாருக்கும் கூசவில்லை.

அருளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் இல்லை. என் வயதுதான், இருபது இருபத்தொன்று இருக்கும். அப்பா நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டக்காரர். அருள் போர்டு எழுதும் பெயிண்டராகத் திண்டுக்கல்லில் தங்கியிருந்தான். ஆட்டோவின் முதுகில் மயில், மில் பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயர், பேக்கரிச் சுவரில் மூன்றடுக்குக் கேக், எல்லாம் அவன் கை. பள்ளிக்கூடம் இரண்டு வருஷத்தோடு சரி. 'ஒட்டன்சத்திரம்' என்று எழுதிக் காட்டினால் அச்சுப் பிசகாமல் நிழல் வைத்து எழுதிவிடுவான். ஆனால் அவனாக ஒரு வாக்கியம் எழுதிக் கேட்கவோ சொல்லவோ வராது. அவனுக்கு எழுத்தும் ஒரு படம்தான்.

ஊமை என்ற சொல் அவனைத் தெருத் தெருவாகத் துரத்திய சொல். அவனுக்குக் கேட்காது என்கிற தைரியத்தில் சின்னப் பயல்கள் முதுகுக்குப் பின்னால் கத்துவான்கள். உதடு அசைவதைத் திரும்பிப் பார்த்தால் அவனுக்குத் தெரிந்துவிடும். அடுத்த நொடி தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவான்.

பக்கத்து சைக்கிள் கடைக்குப் பெயர் எழுத வந்தவன் ஒருநாள் மெஷினை எட்டிப் பார்த்தான். முருகேசன் அண்ணன் அவனைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார். திரையில் கறுப்பு உடுப்புக்காரனைத் தொட்டுக் காட்டித் தன் வாயைப் பொத்திக்கொண்டு, இல்லை என்று கையை விரித்தார். அருள் செத்த நேரம் திரையைப் பார்த்தான். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். என்னை மாதிரியா?

ஆமாம் என்று தலையாட்டினார் முருகேசன் அண்ணன்.

அதன் பிறகு அவன் வேறு ஆளை எடுத்ததே இல்லை. மூன்று மாதத்தில் அவனை அடிக்க நாகல் நகரில் ஆள் இல்லை. கத்தலைக் கேட்டு உஷாராகிற எங்களைவிட, எதிராளியின் தோள் அசைவதை வைத்து அடுத்த அடியைக் கண்டுபிடிக்கிற அவன் எப்போதும் ஒரு நொடி முந்தியிருந்தான். "ஏலே, ஊமையன் வந்துட்டாண்டா, வழி விடுங்கடா!" என்று பயல்கள் ஒதுங்கி நிற்பார்கள். அதே சொல். ஆனால் இங்கே அந்தப் பெயர் யாருக்கு என்று போட்டி. திரையில் ஊமையனை எடுக்க ரெண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். அருள் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பான். அவன் முகத்தை அப்போது பார்க்க வேண்டும், அப்பப்பா!

கடைக்குப் போர்டு வரையச் சொன்னார் சேவியர் அண்ணன். அருள் பத்து நாள் வேறு வேலைக்கே போகவில்லை. யாரும் விளையாடாத நேரத்தில் மெஷின் தானாகவே சண்டை போட்டுக் காட்டும். அதன் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கண் கொட்டாமல் பார்த்தான். பதினோராம் நாள் ஆறடித் தகரத்தில் ஊமையன் எழுந்து நின்றான். பாய்வதற்கு முன் ஒரு கணம் நிற்கிறானே, அந்த நிலை. வாய் இறுக மூடியிருந்தது.

"உசுரா இருக்குப்பா," என்றார் முருகேசன் அண்ணன்.

கொய்யாவோடு வந்த வினை

ஆயக்குடியிலிருந்து செந்தில் என்று ஒருவன் வருவான். வீட்டில் கொய்யாத் தோப்பு, படிப்பு கோயம்புத்தூரில். விடுமுறைக்கு வந்தவன் பை நிறையக் கொய்யாவோடு கடை வாசலில் நின்று போர்டை அண்ணாந்து பார்த்தான்.

"ஏனுங்கண்ணா, இவன் எதுக்குங்க வாய மூடிட்டு நிக்கறான்? அங்க கோயமுத்தூர்ல இவன் தொண்டை கிழியக் கத்தறானுங்களே."

உள்ளே ஆடிக்கொண்டிருந்தவன் குச்சியை விட்டுவிட்டுத் திரும்பினான்.

"யாரு கத்துறா?" என்றார் முருகேசன் அண்ணன்.

"இவந்தானுங்க. அடிக்கறப்பக் கத்தறான், அடி வாங்குனாலுங் கத்தறான். என்ற காதால கேட்டனுங்க."

"ஒங்க கோயமுத்தூரு மெசினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கும்."

"ஏனுங்க, உங்க மெசின்ல ரிப்பேருன்னு வெச்சுக்கக் கூடாதுங்களா?"

பற்றிக்கொண்டது. எங்கள் மெஷின் பெரிதா, கோயம்புத்தூர் மெஷின் பெரிதா? சத்தம் வராதது கதையா, கோளாறா? சேவியர் அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. வாங்கும்போதே மதுரை மெக்கானிக் உள்ளே சர்க்யூட் பலகை ஒன்று சந்தேகம் என்று முனகினானாம். இன்னொன்றும் அவர் மனதில் இருந்தது. "வாயத் தொறந்து பல்லக் காட்டிக் கத்துனாத்தானப்பா போர்டு ரோட்டுல போறவன இழுக்கும்? நானே சொல்லலாம்னு இருந்தேன்."

போர்டின் வாயைத் திறப்பதா வேண்டாமா என்று ஆகிவிட்டது பேச்சு. அருள் அன்று கடையில் இல்லை. வேடசந்தூரில் ஒரு மில் பஸ்ஸுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தான்.

நடுவர் ஜெசிந்தா அக்கா

நம் ஊரில் ஒரு சந்தேகம் வந்தால் இரண்டு அணி பிரித்து நடுவில் ஒருவரை உட்கார வைத்தால்தான் தீரும். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு என்று காலை முதல் மதியம்வரை கரண்ட் நிறுத்துவார்கள். மெஷின் ஓடாத அந்தச் சனிக்கிழமைக்குப் பட்டிமன்றம் குறித்தோம். தலைப்பு: ஊமையன் பேசுவானா, பேசமாட்டானா?

நடுவராக ஜெசிந்தா அக்காவைக் கேட்டோம். அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"நான் ஒருநாளும் அந்தச் சனியனத் தொட்டதில்ல. அதனால என்னவிட நியாயமான ஆளு இந்தத் தெருவுல கெடைக்காது. ஆனா ஒண்ணு, வெஞ்சனம் அடுப்புல கெடக்கு. வளவளன்னு பேசக் கூடாது."

பேசமாட்டான் என்ற அணிக்கு முருகேசன் அண்ணன். பேசுவான் என்ற அணிக்குச் செந்தில் வர வேண்டும். அவனுக்குக் கூட்டத்தில் பேச வராது. "ஏனுங்க பாஸ்கர், நீங்க பேசிருங்க, உங்களுக்குத்தான் இதெல்லாம் தண்ணி பட்ட பாடு" என்று என்னைப் பிடித்துத் தள்ளினான். நானோ அன்றுவரை ஊமையன் ஊமை என்று நம்பியவன். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த மாதம்தான் ஒரு கோப்பை வாங்கியிருந்தேன், நாக்கு ஊறிக்கொண்டிருந்தது.

முருகேசன் அண்ணன் பேச்சாளர் இல்லை. எழுந்து நின்று வேட்டியைச் சரிசெய்தார்.

"நான் மில்லுல எட்டு மணி நேரம் சத்தத்துக்குள்ள நிக்கிறவன். பக்கத்துல நிக்கிறவன் தொண்டை கிழியக் கத்துனாலும் கேக்காது. நாங்க அம்புட்டுப் பேரும் கையாலதான் பேசுவோம். பேசாம இருக்கிறவனுக்குப் பேச்சு இல்லைன்னு அர்த்தமில்ல. இவன் பேசாதவன். நம்ம மெசின்ல அப்படித்தான் வந்தான். நான் பாத்தத நம்புறேன். அம்புட்டுத்தான்."

உட்கார்ந்துவிட்டார். இன்று நினைத்தால் எவ்வளவு பெரிய பேச்சு அது! அன்று அதை வறுத்தெடுத்தேன்.

"நடுவர் அவர்களே! ரேடியோவில் பேட்டரி தீர்ந்துபோனால் பாடிக்கொண்டிருந்தவர் ஊமையாகிவிட்டார் என்று அர்த்தமா? சேவியர் அண்ணன் வீட்டு ரேடியோ கரகரத்தால் செய்தி வாசிப்பவருக்குத் தொண்டை கட்டிவிட்டதா? ஊமையனுக்கு வாய் இருக்கிறது. நமக்குத்தான் ஸ்பீக்கர் இல்லை!"

சிரிப்பு கூரையைப் பிடுங்கியது. கொய்யாவுக்கு மிளகாய்ப்பொடி தடவிக்கொண்டிருந்தவன் பொடியைக் கொட்டிவிட்டான். நான் இன்னும் ஏறினேன். கடைசிக் காட்சியில் மற்றவர்களுக்கெல்லாம் படத்தின் கீழே எழுத்து ஓடுகிறதே, ஊமையனுக்கு மட்டும் ஏன் ஒன்றுமே வருவதில்லை? அதுவும் கோளாறுதானே? சத்தமும் போய் எழுத்தும் போன ஒரு ஓட்டை மெஷினை நம்பி ஒரு நல்ல மனிதனை ஊமை என்று சொல்லலாமா?

நல்ல மனிதனை ஊமை என்று சொல்லலாமா! கை தட்டினார்கள். தட்டுகிற கூட்டத்துக்குப் பின்னால், கதவோரம், அருள் நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. எல்லோரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் அவனும் கொஞ்சம் சிரித்தான்.

"பாஸ்கரு சொல்றதுதான் எனக்குப் படுது," என்றார் ஜெசிந்தா அக்கா. "ஊமையன் பேசுவான். தீர்ப்பு முடிஞ்சது, நான் வாரேன், வெஞ்சனம் அடிப்பிடிக்குது."

ஏணி

அருளுக்கு யாரோ சொன்னார்கள். போர்டைக் காட்டி, வாயை அகலத் திறந்து, பல்லைக் காட்டி, பிரஷ் பிடிக்கிற மாதிரி கையை அசைத்து. அவன் முதலில் விளையாட்டு என்று நினைத்தான். பிறகு சேவியர் அண்ணனைப் பார்த்தான். அவர் தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்தான். நான் கோப்பை வாங்கியவன் மாதிரி இளித்துக்கொண்டிருந்தேன்.

மறுத்து ஒரு சைகை செய்யவில்லை. வெளியே போய்ப் பெட்டியைத் திறந்து, சிரட்டையில் வெள்ளையை ஊற்றிக் கலக்கினான். ஏணியை எடுத்துச் சாத்தினான். கடைக்காரர் சொன்னபடி எழுதுவதுதானே அவன் தொழில்.

அவன் ஏணியில் ஏறும்போது சந்தில் போன ஒரு பயல், "ஊமையன் பேசுவானாம்டா, இனிமே இவன் மட்டுந்தாண்டா ஊமை!" என்றான்.

சுருக்கென்று தைத்தது எனக்கு. அட பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன்! இத்தனை மாதமாக அந்தச் சொல்லுக்கு ஒரு துணை இருந்தது. சிங்கம் மாதிரி ஒரு துணை. வாய்ச் சவடாலுக்காக அதைப் பிடுங்கிக் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்டேன்.

இங்கேதான் நான் தொடங்கியது. பிரஷ் அந்த முகத்துக்கு முன்னால் நின்றது, நின்றுகொண்டே இருந்தது. ஒரு சொட்டு வெள்ளை அவன் கால் விரலில் விழுந்தது.

அப்போது கரண்ட் வந்தது. உள்ளே மெஷின் பாட்டுப் போட்டது. அருளுக்கு அது கேட்டிருக்காது, வாசல் டியூப்லைட் எரிந்ததைத்தான் பார்த்தான். மடமடவென்று இறங்கினான். சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். அடிக்கப்போகிறான் என்றே நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். தரதரவென்று உள்ளே இழுத்துக்கொண்டு போய் மெஷின் முன்னால் நிறுத்தினான்.

அவன் தோற்ற முதல் ஆட்டம்

செந்திலைக் கைகாட்டி ஒரு பக்கம் நிற்கச் சொன்னான். கொள்ளிக்கட்டையை எடுக்கச் சொன்னான். தான் ஊமையனை எடுத்தான். சண்டை தொடங்கியதும் குச்சியிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"ஏனுங்க, என்னங்க இது?" என்று செந்தில் தயங்கினான். அடி, அடி என்று சைகை காட்டினான் அருள். செந்தில் அடித்தான். கொள்ளிக்கட்டை "ஏய்!" என்று கத்தியபோது, அருளின் விரல் திரையில் அவன் வாயைத் தொட்டது. கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தேன். முகமே கடுகளவு. அந்தக் கடுகுக்குள் நாலு வெள்ளைப் புள்ளி பளிச்சென்று தோன்றி மறைந்தது. பல்!

மறுபடி கத்தல், மறுபடி விரல், மறுபடி நாலு புள்ளி. எத்தனை மாதமாக அந்த மெஷினோடு குடித்தனம் நடத்தினோம். எவன் கண்ணிலும் படவில்லை.

அடுத்து விரல் ஊமையன் முகத்துக்குப் போனது. உதை விழுந்தது. புள்ளி இல்லை. தீ விழுந்தது. இல்லை. கடைசியில் ஊமையன் பின்னால் தூக்கி எறியப்பட்டு மெதுவாகக் கீழே விழுந்தான். மற்ற ஏழு பேரும் அப்படி விழும்போது வாயைப் பிளப்பார்கள். இவன் முகத்தில் அந்த இடம் கறுப்பாகவே இருந்தது.

கை பழகிய பிறகு அந்தக் கடையில் அருள் தோற்றது அதுதான் முதல் முறை. ஊமையன் வாய் திறப்பதில்லை என்று காட்டத் தன் ஆளைத் தானே அடிக்கக் கொடுத்தான்.

"வாய் தொறக்கவே இல்லீங்க," என்றான் செந்தில். "அங்கயும் இதே படந்தானுங்களே. சத்தந்தான் வந்துச்சு. வாயப் பாக்கலீங்க நானு."

அருள் நிறுத்தவில்லை. இப்போது ஒற்றையாக நின்று ஆட ஆரம்பித்தான். ஏழு பேரையும் வரிசையாக அடித்தால்தான் கடைசிக் காட்சி வரும். புரோட்டா மாஸ்டர் போனான். டீச்சரம்மா போனாள். அடுப்படியிலிருந்து ஜெசிந்தா அக்காவும் வந்து, கரண்டியோடு எங்கள் பின்னால் நின்றார். குச்சி இடிக்கிற சத்தம்தான்.

கடைசிக் காட்சி எங்களுக்கு மனப்பாடம். ஒரு வீடு எரியும். ஊமையன் முதுகைக் காட்டி நிற்பான். தூரத்தில் ஒரு பெண். அவள் அம்மாவா, அக்காவா, பெண்டாட்டியா என்று அடித்துக்கொள்வோம். பார்த்ததெல்லாம் நெருப்பை. நெருப்பு அவ்வளவு அழகாக ஆடும்.

அருள் என் பிடரியைப் பிடித்து முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். விரலை அந்தப் பெண்ணின் கை மேல் வைத்தான்.

அவள் கை மூடி நெஞ்சைத் தொட்டது. பிறகு விரிந்தது. கண் சிமிட்டுகிற நேரம்தான்.

ஒவ்வொரு சண்டைக்கு முன்னாலும் ஊமையன் முஷ்டியால் நெஞ்சைத் தொட்டுக் கையை விரிப்பான். ஏதோ அந்த ஊர் வணக்கம் என்று நினைத்திருந்தோம். அவன் ஆரம்பத்திலிருந்தே பேசிக்கொண்டிருந்திருக்கிறான். ஏழு சண்டையிலும் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறான். கடைசியில் ஒருத்தி பதில் சொல்கிறாள். கீழே எழுத்து ஓடாதது கோளாறு இல்லை. அங்கே எழுத்துக்கு வேலையே இல்லை.

"அடேயப்பா," என்றார் முருகேசன் அண்ணன் மெதுவாக. "எங்க மில்லுல இந்தக் கைக்கு, நான் இருக்கேன், நீ போன்னு அர்த்தம்."

"ஜப்பான்காரனுக்கு வேடசந்தூர் மில்லு பாஷை எப்படித் தெரியும்?" என்றார் சேவியர் அண்ணன்.

"தெரியாமலே அதே கையப் போட்டிருக்கான் பாரு," என்றார் முருகேசன் அண்ணன்.

அருள் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். எங்களுக்குப் புரிந்துவிட்டது என்று அவனுக்கும் புரிந்தது. சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"தீர்ப்பு வாபஸ்," என்றார் ஜெசிந்தா அக்கா. "நடுவரு தப்புன்னு தெரிஞ்சா மாத்தக் கூடாதுன்னு எங்கயும் எழுதிவைக்கல. அவன் வாயில எவனாச்சும் கைய வச்சீங்க, கரண்டி பேசும்."

இருபது வருஷத்துக்கு மேல் வழக்காடி வாயால் பிழைக்கிறேன். அடுப்பில் கொதிக்கிற குழம்பை விட்டுவிட்டு வந்து தன் தீர்ப்பைத் தானே திரும்ப வாங்கிக்கொண்ட இன்னொரு நடுவரை நான் பார்த்ததில்லை.

அருளிடம் மன்னிப்பு கேட்க எனக்குச் சைகை தெரியவில்லை. இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு மெஷின் முன்னால் மூன்று தோப்புக்கரணம் போட்டேன். நாலாவதற்கு அவன் தோளைப் பிடித்து நிறுத்தினான். ஒரு கொய்யாவை எடுத்து, சட்டையில் துடைத்து, என் வாயில் திணித்தான். இனிமேலாவது வாயை மூடு என்று எடுத்துக்கொண்டேன்.

பிரவுசிங் சென்டர்

பல வருஷம் கழித்து, பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து மாடியில் பிரவுசிங் சென்டர் வந்தது. பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்து, ஒருநாள் சும்மா அந்த விளையாட்டைத் தேடினேன். கிடைத்தது!

உலகம் முழுக்க ஆட்கள் அங்கே உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊமையனைப் பற்றி! முதலில் வந்த மெஷினில் அவனுக்குக் குரல் இல்லை. பின்னால் வந்ததில் யாருடைய குரலையோ எடுத்து ஒட்டிவிட்டார்கள், படத்தை மாற்றவில்லை. நாகல் நகர் சொன்னதும் சரி, கோயம்புத்தூர் சொன்னதும் சரி. இதில் எதைக் கதையாக ஒப்புக்கொள்வது, எதைத் தள்ளுவது? முதலில் வந்ததுதான் செல்லும் என்கிறார் ஒருவர், கடைசியாக வந்ததுதான் என்கிறார் இன்னொருவர், கம்பெனி எழுதிய புத்தகம்தான் என்கிறார் மூன்றாமவர். பக்கம் பக்கமாகப் படித்தேன். என்னால் நம்பவே முடியவில்லை. நாங்கள் கொய்யா தின்றுகொண்டு பேசியதைக் கடல் கடந்து இத்தனை பேர் பேசுகிறார்கள். அந்தப் பெண்ணின் கையைப் பற்றி மட்டும் ஒருவர்கூட எழுதவில்லை.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன். அவன் வாயைப் பாருங்கள், பிறகு அவள் கையைப் பாருங்கள். மறுநாள் போனால் பதில்கள் குவிந்திருந்தன. இத்தனை வருஷம் பார்த்தும் கவனிக்கவில்லையே என்று ஒருவர். இரண்டு படத்தையும் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருவர். கண்டுபிடித்தது யார் என்று கேட்டார்கள். ஒரு பெயிண்டர் என்று எழுதினேன்.

அதற்குக் கீழே ஒருவர் குண்டைப் போட்டார். இரண்டாம் பாகத்தில் இவன் வாயைத் திறந்து பேசுகிறானே, அதற்கென்ன சொல்கிறீர்கள்? படமும் போட்டிருந்தார். அதே கறுப்பு உடுப்பு, அதே துண்டு. வாய் திறந்திருந்தது. பல் தெரிந்தது.

அந்தப் படத்தை அச்செடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் திரிந்தேன். காட்டுவதா வேண்டாமா? காட்டாமல் விட்டால் மறுபடியும் அவனுக்காக நானே தீர்ப்பு எழுதுகிற மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. மூன்றாம் நாள் போனேன். ஒரு மில் பஸ்ஸின் பக்கவாட்டில் நீலம் அடித்துக்கொண்டிருந்தான். காது ஓரம் நரை. நீட்டினேன்.

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். தள்ளிப் பிடித்துப் பார்த்தான். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தான். இது தெரியவில்லையா உனக்கு என்கிற பார்வை. படத்தில் இருந்தவனைத் தொட்டுக் காட்டிக் கையை இடுப்பு உயரத்துக்குத் தாழ்த்தினான். ஊரில் இருக்கும் தன் தம்பியைப் பற்றிச் சொல்லும்போது அவன் காட்டும் அதே சைகை.

தம்பி. இது அவன் தம்பி.

தாளை என்னிடம் கொடுத்துவிட்டு நீலத்துக்குத் திரும்பிவிட்டான். அவனைப் பொறுத்தவரை அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

பிரவுசிங் சென்டருக்குப் போனேன். இரண்டாம் பாகத்தில் வருவது தம்பி, அண்ணன் பேசுவதில்லை என்று எழுதினேன். என் சரக்காக ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. சற்று நேரத்தில் யாரோ கேட்டார், இதை யார் சொன்னது?

எங்கள் திண்டுக்கல்லில் அவனை வரைந்தவர் சொன்னார் என்று எழுதிவிட்டு எழுந்துவந்தேன்.